அம்மாவிடம் பேசிய டாக்டர்

எங்கள் ஊரில் நெஞ்சு எக்ஸ்ரே என்றால் அது ஆம்பிளைகளுக்கு எடுப்பது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து கோலார் தங்க வயலில் நோய் என்றால் பூமிக்கு அடியிலிருந்து வருவதுதான். பாறை வெடித்துக் கைகால் போவது, கல் சரிந்து உயிர் போவது, பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ். இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் எங்கள் ஊர்ச் சுரங்கங்களில்தான் நடந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. வட ஆற்காட்டிலிருந்து வந்து அதற்குள் இறங்கிய என் தாத்தா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். ஆயா எதனால் செத்தாள் என்று கேட்டால் வயசாயிடுச்சு என்பார்கள். என்ன வயசு என்று கேட்டால் பதில் வராது. பொம்பளைகளுக்கு வரும் நோயைப் பெயர் சொல்லிப் பேசும் பழக்கம், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் இருந்ததில்லை.

அம்மாவும் பேசவில்லை. அவளுடைய வலது மார்பில் கட்டி வந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று கடைசிவரை அவள் சரியாகச் சொன்னதில்லை. காலமும் அப்படிப்பட்டது. 2001 பிப்ரவரி கடைசியில் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு நின்றுபோனது. நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, வேலை இல்லை. வர வேண்டிய பணத்துக்காகச் சங்கத்து ஆட்களோடு அலைந்துகொண்டிருந்தார். நான் பெங்களூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் ராத்திரிதான் வீடு. அந்த நிலைமையில் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது வீட்டுக்கு இன்னொரு செலவு வைப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

கண்டுபிடித்தது அத்தை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் லைனே வரிசையில் நிற்கும். எப்போதும் வலது இடுப்பில் குடம் வைத்து நடக்கிற அம்மா இடது பக்கத்துக்கு மாற்றியிருந்தாள். அத்தை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கதவைச் சாத்தி, “ஜாக்கெட்ட அவுத்துக் காட்டு” என்றாள். வெளியே வந்தபோது அத்தையின் முகம் வெளுத்திருந்தது.

முதலில் போன இடத்தில் ஒரு டாக்டர் பார்த்தார். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நைனாவை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், எடுத்துடணும், பணம் ரெடி பண்ணுங்க என்றார். நைனா வெளியே வந்து, “ஒண்ணும் இல்ல, வா” என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: “என் ஒடம்பப் பத்தி உங்கிட்ட பேசினாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இனிமே நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரல.” நைனா கெஞ்சினார். அத்தை திட்டினாள். அம்மா அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தில் நாட்கள் கரைந்தன. அவளைச் சாகடிக்கப் போவது கட்டியா, பிடிவாதமா என்று நான் பயந்தேன்.

எதிர் லைன் அக்காதான் அம்மாவை அசைத்தாள். அவள் வீட்டுக்காரருக்கு வாய்ப்புற்று வந்து பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரியில் பார்த்தவள். “அங்க ஒரு சர்ஜன் இருக்காரு. நீ பேசு. அவரு கேப்பாரு. புடிக்கலன்னா எழுந்து வந்துடு” என்றாள். எழுந்து வந்துவிடலாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா கிளம்பினாள் என்று நினைக்கிறேன்.

மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறும். பங்காருபேட்டை தாண்டினால் நிற்கவும் இடமிருக்காது. சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரே அந்த ரயிலில்தான் பிழைத்தது. பெங்களூரில் கூலி வேலை, செக்யூரிட்டி வேலை, தையல் வேலை. அந்த நெரிசலில் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா நின்றாள்.

கித்வாய் 1973-இல் தொடங்கிய அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி. கர்நாடகத்து ஏழைகள் மட்டுமல்ல, சித்தூர், அனந்தபூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஏழைகளும் அங்கேதான் வருவார்கள். தாழ்வாரத்தில் பாய் விரித்துச் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை கூட்டத்தில் ஒரு சர்ஜனுக்கு ஒரு நோயாளியிடம் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்? உண்மையில் எங்களுக்கும் அதிக நேரம் கிடைக்கவில்லை. கிடைத்த நேரத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தன் பெயர் எங்கேயும் வருவதை விரும்பாத மனிதர் அவர். அதனால் பெயரைச் சொல்லவில்லை.

நாங்கள் உள்ளே போனபோது அறையில் மாணவர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். மாணவர்களைத் திரைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு நேராக உட்கார்ந்தார். கன்னடக்காரர். தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். “ஊட்டா ஆய்தா அம்மா? சாப்பிட்டீங்களா? எத்தன மணி ரயில்ல வந்தீங்க?” என்று தொடங்கினார். என்ன வேலை செய்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா பதில் சொல்லச் சொல்ல, பிடித்திருந்த முந்தானை மெல்லத் தளர்ந்தது. பிறகுதான், “கை வெச்சுப் பாக்கலாமா?” என்றார். சிஸ்டரைப் பக்கத்தில் நிற்க வைத்தார். முதலில் நல்ல பக்கத்தைப் பார்த்தார், பிறகு கட்டி இருந்த பக்கம், பிறகு இரண்டு அக்குள். ஒவ்வோர் இடத்தைத் தொடும் முன்னும் சொல்லிவிட்டுத் தொட்டார். பார்த்து முடித்த கையோடு தானே துணியை எடுத்து மூடினார்.

ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். மார்பில் படம், வயிற்றில் ஸ்கேன், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே. எங்கள் குடும்பத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட முதல் பெண் அம்மாதான்.

ரிசல்ட் வந்த அன்று நைனாவும் வந்திருந்தார். சர்ஜன் ஃபைலை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்கு என்ன இருக்குன்னு உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல இவங்ககிட்ட சொல்லட்டுமா? நீங்க சொல்றபடி.”

அம்மா யோசிக்கவே இல்லை. “எங்கிட்டயே சொல்லுங்க சார்.”

அவர் சொன்னார். கேன்சர்தான் என்று சொன்னார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, அக்குளில் நெறி கட்டியிருந்த இடத்தில் சின்னச் சின்னதாக இன்னும் சில புள்ளிகள் வைத்தார். கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்து மார்பைக் காப்பாற்றலாம், உங்களுக்குக் கட்டி பெரிதாகிவிட்டது, முழுசாக எடுப்பதுதான் நல்லது என்றார். ஆபரேஷன், அதற்குப் பிறகு ஊசி மருந்து, அதற்குப் பிறகு கரன்ட், அதற்குப் பிறகு ஐந்து வருடம் மாத்திரை என்று வரிசையாக எழுதினார். நைனா அழுதுவிட்டார். அம்மா அழவில்லை. அந்தச் சீட்டை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் ரயிலில் அத்தைக்கு அதை விரித்துக் காட்டி விளக்கினாள். தன் உடம்பைப் பற்றி அம்மா வாய் திறந்து பேசியதை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

உங்ககிட்ட சொல்லட்டுமா என்ற அந்தக் கேள்வி நோயாளியிடம் வந்து சேர உலகத்தில் எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த ஆபரேஷனில் மார்பை மட்டுமல்ல, அதன் அடியிலிருக்கும் தசைகளையும் அக்குள் நெறிகளையும் சேர்த்தே எடுப்பார்கள். அதிகம் வெட்டினால் அதிகம் பிழைக்கலாம் என்று முக்கால் நூற்றாண்டு உலகமே நம்பியது. பெர்னார்டு ஃபிஷர் 1971-இல் தொடங்கி 1,600-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், அவ்வளவு வெட்டியதால் கூடுதலாக யாரும் பிழைக்கவில்லை என்று நிரூபித்தார். சக சர்ஜன்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதே காலத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. கட்டியைச் சோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு எதிராக எழுதியும் பேசியும் போராடியவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974-இல் அவருக்கே மார்பகப் புற்று வந்தது. சோதனை வேறு நாள், ஆபரேஷன் வேறு நாள், நடுவில் நோயாளியிடம் பேச வேண்டும் என்று 1979-இல் அமெரிக்க மருத்துவ வல்லுநர் குழு சொன்னபோது அந்தக் குழுவில் அவரும் இருந்தார். அம்மாவிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குப் பின்னால் இத்தனை பெண்களின் உடம்பும் உழைப்பும் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் வார்டுக்கு வந்தார். “எதுக்குப் பயப்படறீங்க?” என்று அம்மாவைக் கேட்டார். சாவுக்கு என்று சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன். அம்மா வேறு சொன்னாள். எங்கள் லைன் வீட்டில் தனியாகக் குளியலறை கிடையாது. பின்பக்கம் சாக்குப்படுதா கட்டிய மறைப்புதான். காற்றடித்தால் விலகும். “பக்கத்து வூட்டுக்காரிங்க பாப்பாங்களே சார்” என்றாள். பெரிய பெரிய ஆபரேஷன் செய்கிற மனிதர் அந்தப் படுதாவைப் பற்றி நின்று கேட்டார். பிறகு போய், செக்கப்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். மாலூர்ப் பக்கத்து விவசாயக் கூலி, ஆபரேஷன் ஆகி மூன்று வருடம் ஆனவள். அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தழும்பைக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். நைனா அந்த வாரமே ஊருக்குப் போய்ப் படுதாவை எடுத்துவிட்டுத் தகரம் அடித்தார்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கும் நாளில் அவரே வந்தார். “பாக்கறீங்களா?” என்று கேட்டார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். “சரி, இன்னிக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சிஸ்டர் எவரும் அவளை வற்புறுத்தவில்லை. தையல் பிரித்த அன்று அவளாகவே, “சார், நான் பாக்கணும்” என்றாள். அவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அக்குள் நெறியை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்து உண்டு. தோள் இறுகிப்போகும். அதற்குப் பயிற்சி சொன்னார்கள். சுவருக்கு முன்னால் நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா தினமும் எட்டிய உயரத்தை அடுப்புக்கரியால் கோடு போட்டு வைப்பாள். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்பில் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். “கொடம் எடது இடுப்புல, அதுவும் பாதிக் கொடம்” என்று சர்ஜன் சொல்லி அனுப்பினார். முதல் நாள் சொன்ன தண்ணீர்க் குடம் அவருக்கு ஞாபகமிருந்தது. ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் வெறுமையும் இருந்தால் தோளும் முதுகும் வலிக்கும் என்று சொல்லி, துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளச் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பஞ்சு மட்டும் போதவில்லை, ஜாக்கெட் மேலே ஏறியது. அம்மா அதற்குள் ஒரு கைப்பிடி கேழ்வரகு போட்டுத் தைத்துக் கனத்தைச் சரிசெய்தாள். அடுத்த செக்கப்பில் அதைச் சர்ஜனிடம் காட்டினாள். அவர் வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, இதை வார்டில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். அம்மா சொல்லிக்கொடுத்தாள்.

ஊசி மருந்து 21 நாளுக்கு ஒருமுறை. முதல் ஊசிக்கே முடி கொட்டியது, வாய் புண்ணானது. மருந்து ஏற்றுவதற்கு முன்பு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் அன்று மருந்து கிடையாது, திரும்பி வர வேண்டியதுதான். எங்கள் ரயிலைப் பற்றிக் கேட்டு வைத்திருந்த சர்ஜன், முந்தின நாளே எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டோடு வரும்படி சீட்டில் எழுதிக்கொடுத்தார். வீண் அலைச்சல் மிச்சமானது. கேட்க இது சின்ன விஷயம். ஆனால் தங்க வயலிலிருந்து போன எத்தனையோ பேர் இரண்டு ஊசியோடு நின்றதற்குக் காரணம் நோய் அல்ல. ரயில் கூட்டம், ஒரு நாள் கூலி இழப்பு, கூட வர ஆளில்லாமை. ஒருமுறை காய்ச்சலால் அம்மா போகவில்லை. அடுத்த வாரம் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ஏன் வரவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது, உடனே வரவும் என்று கன்னடத்தில் இரண்டு வரி. படிக்கத் தெரிந்த பையனைக் கூப்பிட்டு அதை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள் அம்மா. சுரங்கக் கம்பெனியிலிருந்து நைனாவுக்குத்தான் வீட்டில் கடிதம் வரும். அவள் பெயருக்கு வந்த கடிதம் அதுதான் முதல்.

இப்படி நோயாளியைப் பின்தொடர்ந்து போவது ஒரு டாக்டரின் நல்ல மனசால் மட்டும் நடப்பதல்ல. அதை ஆஸ்பத்திரியின் வழக்கமாக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு வழிகாட்டியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கப்பட்ட காலம் அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே சர்ஜனாக இருந்தார். 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே தரத்தில் சிகிச்சை, சிகிச்சை முடிந்து போனவர்களையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் விசாரிப்பது என்ற இரண்டையும் அவர்கள் நிலைநாட்டினார்கள். புற்றுநோய் என்றால் சாவுதான் என்ற எண்ணம் நம் ஊர்களில் தளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கரன்ட் வைக்க வாரக்கணக்கில் தினமும் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி தர்மசாலையில் அம்மா தங்கினாள். பிறகு ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் மாத்திரை. ஒரு நாளும் விடவில்லை. அம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. வலது கை கொஞ்சம் வீங்கும். மற்றபடி நன்றாக இருக்கிறாள். சர்ஜன் ஓய்வு பெற்றுவிட்டார்.

அம்மாவைக் காப்பாற்றியது கத்தியும் மருந்தும் கரன்டும்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்றும் அவளிடம் வந்து சேர்ந்ததும், பாதியில் அறுந்துபோகாமல் முடிந்ததும் அந்த மனிதர் அவளிடம் பேசியதால்தான். முதல் டாக்டருக்கும் இதே படிப்புதான். அவர் அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார், அம்மா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கருணையை மருந்துக்கு மேல் கொடுக்கும் இனாமாக நினைப்பது தவறு. ஏழை நோயாளியைப் பொறுத்தவரை அதுதான் சிகிச்சையின் முதல் பாதி.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுதான் முதலிடத்தில் இருக்கிறது. 2020-இல் மட்டும் புதிதாக ஏறக்குறைய 1,78,000 பேருக்கு வந்ததாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 2021-இல் அந்த முடிவு வெளியானது. தங்க வயல் லைன்களுக்கு இப்படிப்பட்ட பெண்கள் வர வேண்டும். ஆண்களின் நுரையீரலைச் சோதித்த ஊரில் பெண்களின் மார்பையும் சோதிக்க வேண்டும்.

படிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், தோல் குழி விழுந்தால், வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வலிக்காது. அந்த வாரமே காட்டுங்கள். உள்ளே போனதும், எனக்கு என்ன இருக்கிறதென்று என்னிடமே சொல்லுங்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத டாக்டரை விட்டு எழுந்து வாருங்கள், ஆனால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பதில் சொல்லும் டாக்டரைத் தேடிப் போங்கள்.